காதலுக்குப் பதிலாக அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே தேடலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. பெங்களூரில் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கிறீர்கள், சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஆங்கிலம் மளமளவென்று படிக்கிறாள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். துப்பறியும் கதை, சாகசம், மாயாஜாலம் எல்லாம் பிடிக்கும். ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நூறு பக்கத்துக்குள் ஒரு பையன் வந்துவிடுகிறான், அதன்பிறகு கதை அவனையே சுற்றுகிறது என்று பாதியில் மூடிவிடுகிறாள். "இந்த வயதுக்குக் காதல் இல்லாத நாவலே கிடையாதா? தோழிகள் எல்லாம் அதைத்தான் ஆசையாகப் படிக்கிறார்கள், இவளுக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் உங்கள் கவலை இருக்கிறது என்று தோன்றுகிறது. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஓர் அறையில் பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கான நூலகம் நடத்திவருகிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது, பையன்களும் சரி பெண்களும் சரி, மேசைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, லவ் இல்லாம ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். சிலருக்கு அந்த நாட்டம் இன்னும் வந்திருக்காது. சிலருக்கு வந்திருக்கும், ஆனால் கதையில் வேண்டாம். சிலருக்கு வாழ்க்கை முழுக்கவே வராமலும் இருக்கலாம், அதுவும் இயல்புதான். உங்கள் மகள் இதில் யார் என்று இப்போது முடிவுகட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. தனக்கு என்ன வேண்டாம் என்று 14 வயதில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த வாசகி அவள். எனக்கு அது சந்தோஷமாக இருக்கிறது.

இனி ஏன் இப்படி ஆனது என்று. ஆங்கிலத்தில் இன்று 'யங் அடல்ட்' என்று சொல்லப்படும், பதின்பருவத்தினருக்கான நாவல் வகைக்குத் தொடக்கப்புள்ளியாகப் பலரும் காட்டுவது 1967இல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை. எஸ்.இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோது எழுதத் தொடங்கியது. வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. தாய் தகப்பன் இல்லாத மூன்று சகோதரர்கள், அவர்களுடைய கூட்டாளிகள், தெருச்சண்டை, மரணங்கள். அதில் காதல் கதை என்று எதுவும் கிடையாது. ஆக, காதல் இந்த வகையோடு கூடப்பிறந்தது அல்ல. 2005இல் 'ட்வைலைட்' என்ற காதல் நாவல் வந்து அள்ளிக்கொண்டு விற்ற பிறகு, பதிப்பாளர்கள் எல்லாக் கதைக்குள்ளும் ஒரு காதலை, முடிந்தால் இரண்டு பையன்களை, எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. 2012இல் அமெரிக்காவில் புத்தக விற்பனையை ஆராயும் பௌக்கர் நிறுவனம் எடுத்த கணக்கில், இந்தப் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளுக்கு என்று பெயர்போட்ட அலமாரியைப் பெரியவர்களின் ரசனை நிரப்புகிறது. 2015இல் பதின்பருவ நாவலாக வந்த ஒரு பிரபல மாயாஜாலத் தொடரை 2020இல் பெரியவர்களுக்கானது என்று அட்டை மாற்றி வெளியிட்டார்கள். கடைகளில் இரண்டு அட்டையும் கலந்து கிடக்கும். உங்கள் மகள் அதை எடுத்திருந்தால் அவள் குறை இல்லை.

இதற்கு நடுவில் 12, 13, 14 வயதுப் பிள்ளைகள் ஒரு சந்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். 8 முதல் 12 வரைக்கு 'மிடில் கிரேட்' என்று ஓர் அலமாரி. அதில் காதல் இருக்காது, ஆனால் இவர்களுக்கு அது சின்னப்பிள்ளைத்தனமாகப் படும். அதற்கு அடுத்த அலமாரியில் காதல் இல்லாமல் எதுவும் இல்லை. தேடும்போது 'அப்பர் மிடில் கிரேட்' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். இந்தச் சந்துக்காகவே எழுதப்பட்ட புத்தகங்கள் வந்து விழும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சில வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதே கேள்வியோடு வந்தாள். காதல் இல்லாத மூன்று புத்தகங்களைத் தேடிக் கையில் கொடுத்தேன். ஒரே வாரத்தில் மூன்றையும் திருப்பிக் கொண்டுவந்தாள். "லவ் இல்ல ஆன்ட்டி. ஆனா வேற ஒண்ணுமே இல்ல." அவள் சொன்னது சரி. சர்க்கரை போடாத பாயசம் கேட்டவளுக்கு நான் வெறும் பாலை நீட்டியிருந்தேன். அப்புறம் உட்காரவைத்து, இதுவரை படித்ததில் கீழே வைக்கவே முடியாமல் படித்தது எது, அதில் எந்த இடம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அந்த ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டாங்க" என்றாள். அவளுக்கு வேண்டியது நட்பு. காதல் நுழைந்ததும் நட்பு ஓரமாகத் தள்ளப்படுவதுதான் அவளுக்குக் கோபம்.

அன்றிலிருந்து காதல் இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பதில்லை. காதல் இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். கதைக்கு உள்ளே இழுத்துப் பிடிக்க ஏதோ ஒரு கயிறு வேண்டும். அது நட்பா, அண்ணன் தம்பிப் பாசமா, துக்கமா, ஓர் உண்மையைத் தோண்டி எடுக்கும் வெறியா, மண்ணைக் காப்பாற்றும் போராட்டமா, ஒரு விளையாட்டா? உங்கள் மகளிடம் இதைக் கேளுங்கள். பதில் ஒரே வார்த்தையாக வந்தாலும் போதும்.

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது எலிசபெத் வெய்ன் 2012இல் எழுதிய 'கோட் நேம் வெரிட்டி'. இரண்டாம் உலகப் போர்க் காலம், இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி விமானம் ஓட்டுபவள், மற்றவள் உளவாளி. 1943இல் ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பிரான்சில் விமானம் விழுந்துவிடுகிறது. பிடிபட்டவள் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவுக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமாகவே முதல் பாதி ஓடுகிறது. அந்த வாக்குமூலத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பது இரண்டாம் பாதியில்தான் தெரியும். இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. இரண்டு பெண்களுக்கு நடுவே இருக்கும் பற்றை இவ்வளவு உயரத்தில் வைத்த இன்னொரு பதின்பருவ நாவல் எனக்குத் தெரியாது. சித்திரவதை வருகிறது, எட்டாம் வகுப்புக்கு அது சற்றுக் கனம்தான், உங்கள் மகளின் வயதுக்குச் சரியாக இருக்கும். அந்தப் பெண் இரண்டு இரவில் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

உண்மையைத் தோண்டுகிற வகை பிடித்திருந்தால் பிரான்சிஸ் ஹார்டிங்கின் 'தி லை ட்ரீ'. டார்வினின் நூல் 1859இல் வந்து இங்கிலாந்தையே ஆட்டிவைத்த சில வருடங்களுக்குப் பிந்தைய கதை. பெண்ணாகப் பிறந்ததால் அறிவியல் படிக்கக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட 14 வயதுப் பெண், தன் தகப்பனின் சாவுக்குக் காரணம் தேடுகிறாள். பொய்யை ஊட்டினால் வளர்ந்து, பழத்தில் உண்மையைக் காட்டும் ஒரு மரம் அவள் கையில் சிக்குகிறது. அந்த ஒரு கற்பனைக்காகவே படிக்கலாம். 2015ஆம் ஆண்டின் சிறந்த நூல் என்று பிரிட்டனின் காஸ்டா விருது பெற்றது. பெரியவர்களுக்கு எழுதிய நாவல்களோடு மோதி ஒரு சிறார் நூல் அதைப் பெற்றது அது இரண்டாவது முறைதான்.

மாயாஜாலத்துக்கு உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் முதல் இரண்டு, 1968இலும் 1971இலும் வந்தவை. இரண்டாவதான 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கென்றே எழுதியது போல இருக்கும். நிலத்தடி இருட்டில் பூசாரிணியாக வளர்க்கப்பட்ட ஒரு சிறுமி தன் பெயரைத் திரும்பப் பெறுகிற கதை. ஓர் ஆண் வருகிறான், நம்பிக்கை வளர்கிறது, அதைக் காதலாக்காமல் விடுகிறார் ஆசிரியர். அமானுஷ்யமும் துப்பறிதலும் சேர்ந்து வேண்டுமென்றால் டார்சி லிட்டில் பேட்ஜர் 2020இல் எழுதிய 'எலட்சோ'. லிபான் அப்பாச்சே என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பெண், செத்துப்போன தன் நாயின் ஆவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒன்றுவிட்ட அண்ணனின் கொலைக்குப் பின்னால் போகிறாள். அவளுக்கே இந்தக் காதல் விஷயத்தில் நாட்டம் இல்லை. கதையில் யாரும் அதை ஒரு பிரச்சினையாகப் பேசுவதும் இல்லை. உங்கள் மகள் இதைப் படிக்கும்போது தன்னைப் போல ஒருத்தி என்று நினைத்தால் நினைக்கட்டும், நீங்கள் கேட்க வேண்டாம்.

துக்கத்தைக் கயிறாக வைத்த புத்தகங்களில் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' உச்சம். நோயில் இருந்த சிவான் டவுட் என்ற எழுத்தாளர் விட்டுச்சென்ற கருவை எடுத்து பேட்ரிக் நெஸ் எழுதியது. தாய் நோயில் கிடக்க, நடுராத்திரியில் ஒரு மரம் எழுந்து வந்து சிறுவனுக்குக் கதை சொல்கிறது. காதல் ஒரு துளி இல்லை. இதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். காதல் இல்லை, சின்னப் புத்தகம், அழகான படங்கள் என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் இதைக் கொடுத்துவிட்டேன். அவனுடைய பாட்டி இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, நான் விசாரிக்கவில்லை. அந்த இரவு அவன் தூங்கவில்லை என்று மறுநாள் அவன் அம்மா வந்து சொன்னபோது எனக்குத் தலைநிமிர முடியவில்லை. காதல் இல்லாத புத்தகம் என்றால் சாதுவான புத்தகம் என்று பொருள் இல்லை. காதலை எடுத்துவிட்ட இடத்தில் எழுத்தாளர்கள் பெரும்பாலும் மரணத்தையும் அநீதியையும்தான் வைக்கிறார்கள். யாருக்குக் கொடுக்கிறோம், அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதை வேண்டுமென்றால் சித்தார்த்த சர்மாவின் 'இயர் ஆஃப் தி வீட்ஸ்'. ஒடிசாவில் கோண்டு இனத்துச் சிறுவன், தோட்டக்காரன், பெயர் கொரோக். பாக்சைட்டுக்காக மலையைக் கேட்டு வருகிறார்கள், ஊர் எதிர்த்து நிற்கிறது. ஓர் அதிகாரியின் மகளோடு அவனுக்கு நட்பு உண்டு, அது கடைசிவரை நட்பாகவே இருக்கிறது. சத்யஜித் ராயின் ஃபெலுடா துப்பறியும் கதைகளும் காதலே எட்டிப்பார்க்காத உலகம். தன் தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' என்ற சிறார் இதழில் 1965இல் அவர் எழுத ஆரம்பித்தது அது. ஆனால் பெண்களும் அநேகமாக இல்லாத உலகம். என் நூலகத்தில் பையன்கள் வரிசையாக எடுப்பார்கள், பெண்பிள்ளைகள் இரண்டு மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். விளையாட்டு பிடித்தால் 'ஹைக்யூ' என்ற ஜப்பானியப் படக்கதை: பள்ளிக் கைப்பந்து அணி, 45 தொகுதி, பந்து ஒன்றே காதல். படக்கதைதானே என்று ஒதுக்காதீர்கள்.

கடையில் சரிபார்ப்பது எப்படி என்று கேட்டால், பின்னட்டையில் கடைசி இரண்டு வரிகளைப் படியுங்கள். முதல் பத்தி முழுக்கப் போரும் சாபமும் இருக்கும். கடைசியில் 'அவனைச் சந்திக்கும் வரை' என்பது போல ஒரு வரி வந்தால் கதையின் முதுகெலும்பு அதுதான். பின்னட்டையில் சந்தேகம் தீரவில்லையென்றால் புத்தகத்தின் முக்கால் பாகம் தாண்டிய இடத்தைப் பிரித்து மூன்று பக்கம் படியுங்கள். முத்தம் இருந்தால் அநேகமாக அந்தப் பகுதியில்தான் இருக்கும். தொடர்நாவல் என்றால் கூடுதல் கவனம் தேவை. பாத்திரங்கள் வளர வளரக் காதல் உள்ளே வரும்; ஹாரி பாட்டரில்கூட முதல் மூன்று நூல்கள் ஒரு மாதிரி, நான்காவதிலிருந்து வேறு மாதிரி. இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. இணையத்தில் 'காமன் சென்ஸ் மீடியா' தளம் வன்முறைக்குத் தனியாக, காதல்-காமத்துக்குத் தனியாக மதிப்பீடு போடுகிறது. பெற்றோரை மனதில் வைத்து எழுதுவதால் சற்று எச்சரிக்கையாகவே இருப்பார்கள், ஆனால் விவரம் சரியாக இருக்கும்.

எங்கே வாங்குவது என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிளாசம், புக்வோர்ம் இரண்டிலும் பழைய புத்தகமும் புதியதும் கிடைக்கும். பழையதாக எடுத்தால் பிடிக்காமல் போனாலும் மனம் வலிக்காது. குக் டவுனில் லைட்ரூம் சிறார் புத்தகங்களுக்கென்றே இருக்கும் கடை. அங்கே காதல் வேண்டாம் என்று சொன்னால் மறுகேள்வி கேட்டு எடுத்துத் தருவார்கள். நான் மேலே சொன்ன அந்தக் கேள்வியோடு மகளையே பேசவிடுங்கள்.

இனி தமிழ். உங்கள் கேள்வியில் இதை நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் சொந்த ஊர் கோவில்பட்டி என்று படித்ததும் எனக்கு இதைத்தான் முதலில் எழுதத் தோன்றியது.

தமிழில் பதின்பருவத்துக்கு என்று தனி அலமாரி இன்றும் மிகச் சிறியது. சிறுவர் நூல், அதை விட்டால் நேரே பெரியவர்கள் நாவல். அதனால் 14 வயது ஆனதும் வீட்டில் யாராவது 'பொன்னியின் செல்வ'னைக் கையில் கொடுப்பார்கள். குதிரையும் சதியும் கடலும் அவளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் வந்தியத்தேவன் குந்தவை, வானதி, பூங்குழலி, நந்தினி என்று காதலும் அதன் காயமும் ஐந்து பாகமும் ஓடுகின்றன. உங்கள் மகளுக்கு இப்போது அது தோதுப்படாது.

அதற்குப் பதில் உங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' ஒரு குறுநாவல். கரிசல்காட்டில் பறவைகளையும் முட்டைகளையும் தேடித்திரியும் சிறுவனின் உலகம். காதலுக்குப் பதிலாக அங்கே இருப்பது வியப்பு. கோவில்பட்டியிலேயே இருந்து எழுதும் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியில் தொடங்கி ஒரு சிறுவனைப் பழங்காலத்துக்கு இட்டுச்செல்கிறது. 2023இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்றது, எளிய தமிழ், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் முடித்துவிடலாம். முதலில் இதைக் கொடுங்கள்.

மூன்றாமவர் பூமணி, கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டிக்காரர். அவருடைய 'வெக்கை' 1982இல் வந்தது. பெரியவர்களுக்கான நாவல் என்றுதான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதன் நாயகன் சிதம்பரத்துக்கு 15 வயது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். அய்யாவும் மகனும் காட்டிலும் ஓடைக்கரையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. கொலையில் தொடங்கும் நாவல், ஆனால் நெஞ்சில் நிற்பது அந்த நாட்களில் தகப்பனும் பிள்ளையும் கிடைத்ததைச் சமைத்துத் தின்பதும், பேசிக்கொள்வதும், ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருப்பதும். 2019இல் வந்த 'அசுரன்' படம் இதிலிருந்து எடுத்ததுதான். படத்துக்குத் தகப்பனின் இளமைக்காலக் காதல் ஒன்று தேவைப்பட்டது. நாவலுக்கு அது தேவைப்படவில்லை. உங்கள் மகள் படத்தைப் பார்த்திருந்தால் இந்த வித்தியாசத்தை அவளே கண்டுபிடித்துச் சொல்வாள். 15 வயதுப் பையனை நாயகனாக வைத்து, அவனைச் சிறுவனாக்கிக் கொஞ்சாமலும், காதலனாக்கி வளர்த்துவிடாமலும், அவன் வயதுக்குரிய பயத்தோடும் ரோஷத்தோடும் எழுதிய இந்த நாவலை நம் பிள்ளைகளின் அலமாரியில் வைக்காமல் இருப்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். ரத்தமும் சாதியும் இருக்கின்றன, அதனால் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். என். கல்யாண்ராமன் 'ஹீட்' என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார், அவசரத்துக்கு அதுவும் ஆகும்.

இதுபோல இன்னும் உண்டு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' பண்ணையில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் நட்பைச் சொல்வது, இன்னும் ஒரு வருடம் போகட்டும். ஜெயமோகனின் 'பனிமனிதன்' இமயத்தில் நடக்கும் சாகசம், இப்போதே கொடுக்கலாம். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் ஒரு தமிழ்ப் பையனின் கதை. 1947-48 காலத்து செகந்திராபாத், கிரிக்கெட், கலவரம். பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு அந்த நிலைமை சட்டென்று பிடிபடும். ஆனால் அதன் கடைசிக் காட்சி பெரியவர்களையே உலுக்கிவிடும், ஆகவே கல்லூரிக்குப் போகும்வரை அலமாரியிலேயே இருக்கட்டும்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. சில வருடங்களாக டிசம்பர் மாதத்தில் தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் பெங்களூரில் நடக்கிறது. பதிப்பகங்கள் நேரடியாக வருவதால் சிறார் நூல்களைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம்.

'வெக்கை'யை மட்டும் அவள் கையில் கொடுத்துப் படி என்று சொல்லாதீர்கள். அந்தப் பேச்சுமொழி கண்ணுக்குக் கஷ்டம், காதுக்குச் சுலபம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பக்கம் நீங்கள் சத்தமாக வாசியுங்கள். உங்கள் வீட்டில் பாட்டியும் தாத்தாவும் பேசுகிற அதே பேச்சு, லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவள் கேட்டு வளர்ந்ததுதான். உங்களுக்கே பொருள் தெரியாத ஒரு செடியின் பெயரோ பறவையின் பெயரோ வந்தால், அங்கேயே நிறுத்தி ஊருக்குப் போன் போட்டு அவளையே கேட்கச் சொல்லுங்கள்.